ஓட்டையில்லாத ஹெல்மெட்

"இருபத்தாறு... இருபத்தேழு... நிக்காதீங்க மாப்பிள்ளை, ஓடுங்க!"

மாப்பிள்ளை ஓடினான். நின்ற இடத்திலேயே, முழங்காலை இடுப்பு வரை தூக்கித் தூக்கி, தோளில் ஒரு மூட்டை மணலைச் சுமந்தபடி ஓடினான். தலையில் விண்வெளி வீரனின் வெள்ளை ஹெல்மெட். கழுத்தைச் சுற்றி இறுக்கமான ரப்பர் வளையம். அவன் விட்ட மூச்செல்லாம் கண்ணாடியில் ஆவியாகப் படிந்து, மூக்கின் நுனி மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"முப்பத்து மூணு... முப்பத்து நாலு..."

மூட்டை தொப்பென்று விழுந்தது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினான். அக்கா கடிகாரத்தை நிறுத்திவிட்டு, வளையத்தின் கொக்கியை விடுவித்து, ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுத்தாள்.

தரையில் சரிந்து உட்கார்ந்தவனுக்குப் பேச்சு வர அரை நிமிடம் ஆனது.

"உங்க தங்கச்சிக்கு... வேற இடம் பாக்குறதா இருந்தா... என்கிட்டயே சொல்லியிருக்கலாம்க்கா. நானே நல்ல ஆளா பாத்துக் குடுத்திருப்பேன்."

"நாற்காலியில உட்கார வச்சப்ப ரெண்டு நிமிஷம் சும்மாதானே இருந்தீங்க?"

"அப்ப தூங்கிட்டேன்."

"உட்கார்ந்தா ரெண்டு நிமிஷம். சுமந்துக்கிட்டு ஓடினா முப்பத்து நாலு செகண்ட்." அக்கா நோட்டில் குறித்துக்கொண்டாள். ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் தான் ஒட்டியிருந்த டேப்பை ஒவ்வொன்றாக உரித்தாள். டேப்புக்கு அடியில் பட்டாணி அளவில் ஆறு ஓட்டைகள் எட்டிப் பார்த்தன.

துப்பறியும் தொழிலுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியும், போலீஸ் ஸ்டேஷன் முதல் பால் பூத் வரை அவள் எல்லோருக்கும் அக்காதான். உதவியாளன், தங்கையின் கணவன். வேலை வாங்கும்போது கூட அவனை மரியாதை குறையாமல் 'மாப்பிள்ளை, வாங்க போங்க' என்றுதான் விரட்டுவாள்.

"அம்மா, மணி ஒண்ணரை ஆயிடுச்சு."

சுவரோரம் நின்றிருந்தவர் பேசினார். ஹெல்மெட்டுகளைச் செய்த மோல்டிங் மாஸ்டர். விரல் இடுக்குகளில் வெள்ளைப் பெயின்ட். அவருடைய மனைவி போனில் அழுததால்தான் அக்கா இந்தப் படப்பிடிப்பு அரங்குக்குள் கால் வைத்திருந்தாள். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் மாஸ்டரைக் கைது செய்ய வருகிறார். அதற்குள் உண்மையான ஆள் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

காலை எட்டு மணிக்கு நடந்தது இதுதான். காற்றே இல்லாத ஒரு கிரகம். செங்கல் தூளைக் கொட்டிச் செய்த சிவப்பு மேடு. கதாநாயகன், மயங்கிய நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடி ஏற வேண்டும். முகம் தெரியாத காட்சி, முதுகுப் பக்கம் க்ளோசப். எனவே கதாநாயகனுக்குப் பதிலாக டூப். மேட்டின் உச்சியில் டூப் மடங்கி விழுந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது உதடு நீலம். ஹெல்மெட்டின் ஆறு ஓட்டைகளும் அடைக்கப்பட்டிருந்தன. இப்போது ஆஸ்பத்திரியில், வாயில் குழாயுடன்.

"உங்க பசை, உங்க பெயின்ட், உங்க ஹெல்மெட்," என்றான் மாப்பிள்ளை. "போலீஸ்காரங்களுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா மாஸ்டர்? அளவெடுத்துச் செஞ்ச மோதிரம் மாதிரி பொருந்துறீங்க."

"நான் அடைச்சா வெளிப்பக்கமா அடைப்பேன் தம்பி. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுதான் பெயின்ட் அடிப்பேன். இது உள்ளே இருந்து கட்டைவிரலால அமுக்கியிருக்கு. மேல அடிச்ச வெள்ளை கூட திட்டுத் திட்டா இருக்கு. இப்படி ஒரு வேலையை நான் செஞ்சேன்னு சொல்றதுக்கு ஜெயிலே தேவலாம்."

அக்கா சிரிக்கவில்லை. அடைக்கப்பட்ட ஹெல்மெட்டை இன்ஸ்பெக்டர் பாலிதீன் பையில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, ஒருத்தனைக் கொல்றதுக்காக ஓட்டையை அடைக்கிறவன், அதுக்கு மேல பெயின்ட் அடிப்பானா?"

"கலா ரசிகனா இருந்தா?"

"கேமராவுல ஓட்டை தெரியக் கூடாதுன்னு நினைக்கிறவன்தான் அடிப்பான். இது கொலைகாரன் வேலை இல்லை. படம் நல்லா வரணும்னு நினைச்ச ஆளோட வேலை. மாஸ்டர், இந்த ஓட்டைக்குப் பின்னால வேற என்ன இருந்துச்சு?"

"ஒரு குட்டி ஃபேன். தீப்பெட்டி அளவு. மூச்சுக் காத்தை வெளியே தள்ளும். இப்ப அதைக் காணோம்."

"அப்ப முதல்ல ஃபேனைத் தேடுவோம்."

*

உடை அறையில் ஐம்பது விண்வெளி உடைகள் கொக்கிகளில் தொங்கின. தலையில்லாத ஐம்பது பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருந்தது. வாயில் ஊசியைக் கவ்வியபடி காஸ்ட்யூமர் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"டூப் அண்ணன் காலைல எத்தனை மணிக்கு வந்தார்?" அக்கா கேட்டாள்.

"அஞ்சு மணிக்கே வந்துட்டாரு. ஏழு மணிக்கு வந்தா போதும்னு சொல்லியிருந்தோம். 'ஹெல்மெட் கனம் பழகணும், குடு'ன்னு வாங்கிட்டு செட்டுக்குப் போனாரு. ஒரு மணி நேரத்துல மாட்டிக்கிட்டே திரும்பி வந்தாரு. அப்புறம் கழட்டவே இல்லை, கண்ணாடியை மட்டும் தூக்கி விட்டிருந்தாரு."

"அவருக்கு யாராவது ஆகாதவங்க?"

"அவருக்கா?" காஸ்ட்யூமர் ஊசியை எடுத்தார். "பசிக்குதுன்னு கூட சத்தமா சொல்ல மாட்டாரும்மா. ஒண்ணே ஒண்ணுதான் விசேஷம். டாக்டரம்மா இந்தப் பக்கம் வந்தா போதும், மனுஷன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்குவாரு. கண்ணாடியையும் இறக்கிடுவாரு. வேர்த்து ஊத்தும். அவங்க போற வரைக்கும் கழட்ட மாட்டாரு. பதினோரு நாளா இதே கதை."

டாக்டரம்மா என்றால் வைத்தியர் அல்ல. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய, இருபத்தெட்டு வயதுக் கல்லூரி ஆசிரியை. இந்தப் படத்தின் அறிவியல் ஆலோசகர்.

"ஆஹா!" மாப்பிள்ளை உள்ளங்கையைத் தேய்த்தான். "வயசான காலத்துல காதல்க்கா. முகத்தைக் காட்ட வெட்கம். ஹெல்மெட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, கண்ணாடி வழியா பாத்துப் பாத்து..."

"மாப்பிள்ளை."

"சரி, வாயை மூடிட்டேன்."

டூப்பின் சொந்தச் சட்டை ஆணியில் தொங்கியது. காலர் தேய்ந்து போய், திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. மேல் பையில் ஏதோ கனத்தது. அக்கா விரல் விட்டு எடுத்தாள். காகிதத்தில் சுற்றிய, தீப்பெட்டி அளவுப் பொருள்.

ஃபேன்.

ஒயர்கள் அறுக்கப்படவில்லை. பொறுமையாகக் கழற்றி, முனைகளை மடித்து, தூசி படாமல் சுற்றி வைத்திருந்தது.

"அடப்பாவமே," என்றான் மாப்பிள்ளை. குரலில் கிண்டல் பாதியாகக் குறைந்திருந்தது. "ஷூட்டிங் முடிஞ்சதும் மாஸ்டர்கிட்ட திருப்பிக் குடுக்க வச்சிருந்தாரா? அப்ப ஓட்டையை அடைச்சது..."

"அவரேதான். தன் தலைக்குத் தானே." அக்கா ஃபேனைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தாள். "ஆனா ஏன்?"

கோடு போட்ட நோட்டுத் தாள். நாலைந்து துண்டாகக் கிழிக்கப்பட்டு, பிறகு டேப் போட்டு ஒட்டப்பட்டது. பென்சிலில் பொடிப் பொடியாகக் கணக்கு. ஹெல்மெட்டின் உள்ளளவு இவ்வளவு, ஒரு ஆள் ஒரு நிமிடத்தில் விடும் மூச்சு இவ்வளவு. கீழே அழுத்தமாக ஒரு விடை: 'ஓட்டைகளை அடைத்தாலும் 2 நிமிடம் ஆபத்தில்லை.' அந்த வரிக்கு இரண்டு கோடு.

அதற்கும் கீழே, அவசரக் கையெழுத்தில், 'ஓடினால்? சுமந்தால்?'

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. தாளின் வலது மூலையைக் காணோம். ஒட்டியவருக்கு அந்தத் துண்டு மட்டும் கிடைக்கவில்லை போலும்.

"யார் கையெழுத்து இது?"

காஸ்ட்யூமர் எட்டிப் பார்த்தார். "டாக்டரம்மாவோடது. 'விண்வெளியில் துணி காற்றில் ஆடாது'ன்னு எனக்குக் கூட ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அந்தச் சீட்டை டைரக்டர்கிட்ட காட்டினேன். செட்டுல காத்து வீசுற பெரிய ஃபேனோட ஸ்பீடைக் கூட்டச் சொல்லிட்டாரு."

"கடைசியா ஒண்ணு. நேத்து டூப் அண்ணன் டிரெஸ்ஸைக் கழட்டினது எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு மேல. டிரெஸ்ஸும் ஹெல்மெட்டுமா மாடலுக்கு நிக்கணும்னு டைரக்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. ரெண்டு மணி நேரமா நின்னேன்னாரு. கால் வீங்கியிருந்துச்சு."

அக்கா நோட்டில் அதைக் குறித்து, அடியில் கோடு போட்டாள்.

*

இயக்குநரின் அறையில் சுவர் முழுக்க விண்கலங்கள். நாற்காலியில் மனிதர் பாதியாக இளைத்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் டாக்டரம்மா. புடவையின் முழங்கால் பகுதியில் செங்கல் தூள் அப்பியிருந்தது, அதைத் தட்டிவிடக் கூடத் தோன்றவில்லை அவளுக்கு. மாஸ்டர் கதவோரம் நின்றார்.

"காலைல என்ன நடந்துச்சுன்னு மறுபடியும் சொல்லுங்க சார்," என்றாள் அக்கா.

"நாற்பது செகண்ட் ஷாட்." இயக்குநர் மேஜையைப் பார்த்துப் பேசினார். "ஆனா அவன் ஓடின ஓட்டம் அப்படி இருந்துச்சு. தள்ளாடுறான், நிமிர்றான், மறுபடி தள்ளாடுறான். தத்ரூபமா இருந்துச்சா, கட் சொல்ல மனசு வரலை. விழுந்தான். அதையும் நடிப்புன்னு நினைச்சு..."

"நினைச்சு?"

"கை தட்டினோம்."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"டாக்டரம்மாதான் முதல்ல ஓடினாங்க," என்றார் மாஸ்டர் மெல்ல. "நாங்க தட்டிக்கிட்டே இருந்தோம்."

"சார், படத்துல அறிவியல் ஆலோசகர் எதுக்கு?" மாப்பிள்ளை கேட்டான். "நான் பாத்த வரைக்கும் கப்பலுக்குள்ள எல்லாரும் நம்ம வீட்டு ஹால்ல நடக்குற மாதிரி நடக்குறாங்க."

"அது அவங்க சொன்ன அஞ்சாவது தப்பு." இயக்குநர் பெருமூச்சு விட்டார். "போன படத்துல ஹெல்மெட் ஓட்டை கேமராவுல விழுந்துடுச்சு. அந்த ஒரு ஃப்ரேமைப் பெரிசு பண்ணி, 'ஹீரோ நிலாவில் காற்று வாங்குகிறார்'னு எழுதி ஊரெல்லாம் சுத்த விட்டாங்க. என் பையனோட ஸ்கூல்ல கூட சிரிச்சாங்களாம். அந்த அவமானத்துலதான் இவங்களை வச்சேன். இருபத்து மூணு தப்பு எழுதிக் குடுத்தாங்க. காத்தில்லாத இடத்துல குண்டு வெடிச்சா சத்தம் கேட்காதாம். சத்தம் கேட்காத குண்டை எவன் பார்ப்பான்? ஹெல்மெட்டுக்குள்ள முகத்துக்கு நேரா லைட் போட்டா, போட்டிருக்கிறவனுக்குக் கண்ணே தெரியாதாம். லைட் போடலைன்னா ஹீரோ யாருன்னே எனக்குத் தெரியாது!"

"எத்தனை தப்பைத் திருத்தினீங்க?"

டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒண்ணு கூட இல்லை. கடைசியா அந்த ஓட்டையையாவது அடைங்கன்னு கேட்டேன். இன்னைக்கு எடுக்கிற க்ளோசப்புக்கு மட்டும்."

"கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்னு நேத்து சாயங்காலம் மீட்டிங்லயே முடிவு பண்ணிட்டேன்," என்றார் இயக்குநர். "அடைக்கச் சொல்லலை. மாஸ்டரும் சாட்சி."

"அந்த மீட்டிங்ல வேற என்ன பேசினீங்க?"

"வழக்கமா பேசுறதுதான்."

"மாஸ்டர்?"

மாஸ்டர் தன் விரல் பெயின்டைச் சுரண்டினார். "பெரியவங்க பேசினாங்கம்மா. நமக்கு எதுக்கு அதெல்லாம்."

அக்கா மூன்று பேர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள். ஜெயிலுக்குப் போகக் காத்திருக்கும் மனிதர் கூட ஒரு மீட்டிங்கை மறைக்கிறார்.

"மீட்டிங்ல எத்தனை பேர் இருந்தீங்க?"

"மூணு பேர்," என்றார் இயக்குநர்.

"மூணு பேர்தான்," என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை.

"மாடலுக்கு நின்னவரைச் சேர்த்தா?"

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ... ஆமாம்மா. நின்னுக்கிட்டிருந்தாரு. இதோ, இந்த மூலையில." அவர் அந்த மூலையையே பார்த்தார். "நான் செஞ்ச ஹெல்மெட்டை ரெண்டு மணி நேரமா பாத்துக்கிட்டிருந்தேன். லைட் சரியா விழுதா, வளையம் சரியா உட்காருதான்னு பாத்தேன். உள்ளே ஒரு ஆள் இருக்காருங்கிறதே எனக்கு உறைக்கலை."

கதவு தட்டப்பட்டது. தட்டியவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

*

"கண்டுபிடிச்சாச்சா அக்கா? இல்லைன்னா மாஸ்டரை வண்டியில ஏத்துறேன்."

அக்கா ஃபேனையும் தாளையும் மேஜையில் வைத்து, எங்கே கிடைத்தது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். இன்ஸ்பெக்டர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மாஸ்டரை விட்டுவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க எழுதிக் குடுத்து, அந்த ஆள் செஞ்சிருக்கான். அப்படித்தானே? டைரக்டர் மாட்டேன்னதும், டூப்பைத் தனியா பிடிச்சுத் தூண்டி விட்டிருக்கீங்க."

"இல்லை." டாக்டரம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். "நான் யார்கிட்டயும் குடுக்கலை. கிழிச்சுப் போட்டேன்."

"எங்கே போட்டீங்க?" அக்கா கேட்டாள்.

"இங்கதான். இந்தக் குப்பைக் கூடையில."

"சார், மீட்டிங் முடிஞ்சதும் ரூமை யார் பூட்டினது?"

"நான்தான்," என்றார் இயக்குநர். "எல்லாரும் ஒண்ணாத்தான் கிளம்பினோம். சாவி என்கிட்ட. காலைல எட்டரைக்குத்தான் திறந்தேன்."

"டூப் அண்ணன் அஞ்சு மணிக்கே இந்தத் தாளோட வேலையை ஆரம்பிச்சுட்டார். அப்ப இந்தக் கூடையில இருந்து எடுத்திருக்க முடியாது." அக்கா நாற்காலியை இழுத்து டாக்டரம்மாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொண்ணும் இருக்கு. ரெண்டு நிமிஷம் ஆபத்தில்லைங்கிற கணக்கை நம்பித்தான் நேத்து மீட்டிங்ல ஓட்டையை அடைக்கச் சொல்லிப் பேசியிருக்கீங்க. ஆனா இந்தத் தாள்ல கடைசியா 'ஓடினால்? சுமந்தால்?'னு ஒரு கேள்வி இருக்கு. அந்தக் கேள்வி முன்னாடியே வந்திருந்தா மீட்டிங்ல அப்படிப் பேசியிருக்க மாட்டீங்க. அது அப்புறம் வந்த கேள்வி. ரூம் பூட்டின அப்புறம், வேற ஒரு மேஜையில உட்கார்ந்து எழுதினது. காணாமப் போன மூலையில என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டுமா? முப்பத்து நாலு செகண்ட்."

டாக்டரம்மாவின் கண்கள் நிமிர்ந்தன.

"முப்பது," என்றாள். "எனக்கு முப்பதுதான் வந்துச்சு."

"என் உடம்பு கொஞ்சம் சோம்பேறி," என்று முணுமுணுத்த மாப்பிள்ளை, யாரும் சிரிக்காததைப் பார்த்து ஹெல்மெட் பையின் மேல் பார்வையை வைத்துக்கொண்டான்.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் யாருக்கும் போன் பண்ணலை?" இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"சார்தான் வேணாம்னு சொல்லிட்டாரே. யாரும் அடைக்கப் போறதில்லை. அப்புறம் எதுக்கு நானே போய், என் கணக்கு தப்புன்னு சொல்லணும்? ஏற்கெனவே சிரிச்சவங்க முன்னாடி இன்னொரு தடவை... அதான் கிழிச்சேன்."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுல," என்றாள் அக்கா.

"ஆமா. வீட்டுல."

"வீட்டுல உங்ககூட யார் இருக்காங்க?"

இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து. அந்த ஆளுக்கு ஏதோ சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட சொந்தக்காரங்க வேணுமாம். யூனியன் கார்டுல உறவுங்கிற இடம் காலியா இருக்காம். அவனுக்கு யாரும் இல்லையா சார்?"

"தனிக்கட்டைன்னுதான் நினைக்கிறேன்," என்றார் இயக்குநர். "நாங்க கேட்டதில்லை."

"சரி, இப்ப என் பிரச்னையைச் சொல்றேன்." இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் தோளில் கை வைத்தார். "இந்தத் தாள் அந்த ஆள் கைக்கு எப்படிப் போச்சுன்னு தெரியலை. தெரியாத வரைக்கும் ஃபேனை யார் வேணும்னாலும் அந்தப் பையில வச்சிருக்கலாம், இவர் உள்பட. கிளம்புங்க மாஸ்டர்."

மாஸ்டர் செருப்பைத் தேடினார். ஒரு கால் மாட்டியது. இன்னொன்று மாட்டவில்லை. குனிந்து கையால் பிடித்து மாட்டப் பார்த்தார்.

அக்கா டாக்டரம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாகப் பேசினாள்.

"கிழிச்சுப் போட்ட தாளைக் குப்பையில இருந்து பொறுக்கி, துண்டு துண்டா சேர்த்து, விடிய விடிய ஒட்டுறது யாரும்மா செய்வாங்க? அதுல எழுதினது தப்பா இருக்கவே முடியாதுன்னு நம்புற ஆள்தான் செய்வாரு. நீங்க வந்தா அந்த மனுஷன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டது பயந்து இல்லை. ரெண்டு பேர் முகத்தையும் யாராவது பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துடக் கூடாதுன்னு."

டாக்டரம்மா எழுந்தாள்.

"மாஸ்டரை விடுங்க சார்," என்றாள். "அவர் என் அப்பா."

மாப்பிள்ளை, தான் உடை அறையில் அடித்த காதல் ஜோக்கை யாராவது திரும்பச் சொல்லிவிடுவார்களோ என்பது போல அக்காவைப் பார்த்தான். காதுமடல் வரை சிவந்திருந்தது.

இன்ஸ்பெக்டரின் கை மாஸ்டரின் தோளிலிருந்து இறங்கியது.

"அப்பாவா? அப்புறம் ஏம்மா பதினோரு நாளா..."

"நான்தான் சொன்னேன். என் முதல் நாள் அன்னைக்கு, பஸ் ஸ்டாப்ல வச்சு. 'அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கப்பா'ன்னு. டாக்டர்னு கூப்பிடுறாங்க, டூப்போட பொண்ணுன்னு தெரிஞ்சா என் பேச்சை யார் மதிப்பாங்கன்னு நினைச்சேன். 'அதுவும் சரிதான்மா'ன்னாரு. அதுல இருந்து தனித்தனி பஸ்." அவள் மூச்சை இழுத்தாள். "யூனியன் கார்டுல என் பேர்தான் இருந்துச்சு. போன வாரம் கார்டைப் புதுப்பிச்சப்ப அவரே எடுத்துட்டாரு."

மாஸ்டர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று தெரியவில்லை.

"காலைல மானிட்டர்ல பாத்தேன்," என்றாள் டாக்டரம்மா. யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "ஓட்டை தெரியலை. சார் கடைசியில ஒத்துக்கிட்டாரு, நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துச்சு. எப்படி மறைச்சாங்கன்னு கூட யோசிக்கலை. உள்ளே யார்னு தெரியும். எனக்கு வந்த முப்பதும் தெரியும். அவர் தள்ளாடின அப்புறம்தான் ரெண்டையும் சேர்த்துப் பாத்தேன்."

"போம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். இந்த அறைக்குள் வந்த பிறகு அவர் முதல் முறையாகத் தணிந்து பேசினார். "வெளியே என் ஜீப் நிக்குது. டிரைவர்கிட்ட சொல்லு. மருந்து குடுத்தா பிழைச்சுக்குவார்னுதான் சொல்றாங்க. கையெழுத்துதான் பாக்கி."

"ஒரு நிமிஷம்." அக்கா இயக்குநரையும் மாஸ்டரையும் பார்த்தாள். "இந்த ரெண்டு பேரும் நேத்து மீட்டிங்ல நடந்த எதையோ இன்னும் முழுங்குறாங்க. அது தெரியாம இந்தக் கேஸ் முடியாது. ஒரு தாளை நம்பி மட்டும் ஒரு மனுஷன் தன் மூச்சு ஓட்டையை அடைச்சுக்க மாட்டான். என்ன நடந்துச்சு சார்?"

"விடுங்கம்மா," என்றார் இயக்குநர். "அந்தப் பொண்ணு போகட்டும்."

"தப்பு எங்க மேலதான்," என்றார் மாஸ்டர் தரையிலிருந்து. "நாங்கதான் சிரிச்சோம். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை."

டாக்டரம்மா கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள். திறக்கவில்லை.

"இவங்க எனக்காக மறைக்கிறாங்க," என்றாள், கதவைப் பார்த்தபடி. "ஓட்டையை அடைச்சா உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு முட்டுமே, நீங்க போய் ஊதி விடுவீங்களான்னு சார் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எப்படியாவது ஒரு தடவை ஜெயிக்கணும். அப்பா எனக்கு நேர் எதிர்ல, கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு நின்னாரு. அவர் முகம் தெரியலை. நான் அவரைக் கை காட்டினேன்."

வெளியே ஜீப்பின் இன்ஜின் உறுமத் தொடங்கியது.

"'டூப்புதானே சார், ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டானா?'ன்னு கேட்டேன்."